அமெரிக்கச் சிறையில் மருத்துவம் மறுக்கப்பட்டால்: வழக்குப் போடுவதற்கான முழுமையான வழிகாட்டி

1973 நவம்பரில் டெக்சாஸ் சிறை ஒன்றில் லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஜே. டபிள்யூ. கேம்பிள் என்ற கைதியின் மேல் சுமார் 600 பவுண்டு பருத்திப் பொதி விழுந்தது. முதுகில் அடி. வலி தாங்காமல் வேலைக்குப் போக மறுத்ததற்குத் தண்டனை வேறு கொடுத்தார்கள். வக்கீல் இல்லாமல் அவர் கைப்பட எழுதிப் போட்ட மனுதான் உச்ச நீதிமன்றம் வரை போய், 1976இல் எஸ்டெல் எதிர் கேம்பிள் என்ற தீர்ப்பானது. கைதியின் கடுமையான மருத்துவத் தேவையைத் தெரிந்தே கண்டுகொள்ளாமல் விடுவது கொடூரமான தண்டனையைத் தடை செய்யும் அரசமைப்பின் எட்டாவது திருத்தத்தை மீறுவது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. சிறை மருத்துவம் பற்றி இன்று அமெரிக்காவில் போடப்படும் வழக்குகள் பெரும்பாலும் அதன் மேல்தான் நிற்கின்றன.

ஆனால் கேம்பிளுக்கு மருத்துவர் மேல் போட்ட வழக்கில் வெற்றி கிடைக்கவில்லை. மூன்று மாதத்தில் 17 முறை மருத்துவப் பணியாளர்கள் பார்த்திருக்கிறார்கள், எக்ஸ்ரே எடுக்காமல் விட்டது மருத்துவரின் முடிவு, அது தப்பென்றாலும் தவறான சிகிச்சை என்ற அளவில்தான் நிற்கும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘சரியாக வைத்தியம் பார்க்கவில்லை’ என்பதற்கும் ‘தெரிந்தே விட்டுவிட்டார்கள்’ என்பதற்கும் நடுவில் இருக்கும் அந்தக் கோட்டில்தான் பல வழக்குகள் விழுகின்றன. வேறு பல அதற்கும் முன்னால், சிறைக்குள் ஒரு படிவத்தை நேரத்துக்கு நிரப்பிக் கொடுக்காததால் விழுகின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் நீதிமன்றத்தைவிடக் காகிதத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

உள்ளே இருப்பவரின் மனைவி, அண்ணன், பிள்ளை, நண்பர் என்று வெளியில் இருந்து உதவுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் வக்கீல் இல்லையென்றால் அவர் சார்பில் மனுப் போடவோ கையெழுத்திடவோ முடியாது. மனு அவருடையது, கையெழுத்தும் அவருடையது. தேதிகளைக் கணக்கு வைப்பது, நகல் சேர்ப்பது, வக்கீல் தேடுவது எல்லாம் உங்கள் வேலை. வக்கீல் கிடைத்தால் இதில் பாதியை அவரே பார்த்துக்கொள்வார், ஆனால் கிடைக்கும்வரை கெடு யாருக்காகவும் நிற்காது.

படி 1: ஆள் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள்

மாநிலச் சிறையில் தண்டனை அனுபவிப்பவர் என்றால் வழக்கு 1983ஆம் பிரிவின் கீழ் வரும். (1983 ஆண்டு இல்லை, பிரிவின் எண், சட்டம் வந்தது 1871இல்.) மாநில அதிகாரத்தைப் பயன்படுத்தி ஒருவர் உங்கள் அரசமைப்பு உரிமையை மீறினால் அவர் மேல் ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றத்தில் வழக்குப் போட அது வழி தருகிறது.

கவுன்டி ஜெயிலில் (மாவட்ட அளவிலான உள்ளூர்ச் சிறை) இன்னும் தண்டனை விதிக்கப்படாமல் இருப்பவர் என்றால் அதே 1983தான், ஆனால் எட்டாவது திருத்தத்துக்குப் பதில் பதினான்காவது (முறையான சட்ட வழியின்றி யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் மாநிலம் பறிக்கக் கூடாது என்பது). இந்த வித்தியாசம் சின்னதில்லை. 2015இல் கிங்ஸ்லி எதிர் ஹென்ட்ரிக்சன் வழக்கில், விசாரணைக் கைதி மேல் பலப்பிரயோகம் செய்த காவலரின் மனத்தில் என்ன இருந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை, நடந்தது நியாயமற்றதா என்று பார்த்தால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். அதை இரண்டாவது, நான்காவது, ஆறாவது, ஏழாவது, ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஏதோ ஒரு வடிவத்தில் மருத்துவ வழக்குகளுக்கும் நீட்டியிருக்கின்றன. டெக்சாஸ் அடங்கிய ஐந்தாவது வட்டாரமும் ஃபுளோரிடா அடங்கிய பதினொன்றாவதும் நீட்டவில்லை. அதாவது ஒரே நோய், ஒரே அலட்சியம், கலிஃபோர்னியா ஜெயிலில் நடந்தால் ஒரு அளவுகோல், டெக்சாஸில் நடந்தால் இன்னொன்று.

ஃபெடரல் சிறை என்றால் 1983 செல்லாது. 1980இல் கார்ல்சன் எதிர் கிரீன் வழக்கில், ஆஸ்துமாவில் இறந்துபோன ஒரு ஃபெடரல் கைதியின் தாய் அதிகாரிகள் மேல் நேரடியாக வழக்குப் போடலாம் என்று தீர்ப்பு வந்தது. அந்த வாசலை உச்ச நீதிமன்றமே கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டு வந்திருக்கிறது, 2022இல் எக்பெர்ட் எதிர் பூல் தீர்ப்புக்குப் பிறகு கார்ல்சனிலிருந்து கொஞ்சம் வேறுபட்டாலே உள்ளே விடுவதில்லை. எனவே ஃபெடரல் கைதிக்கு நடைமுறையில் பெரும்பாலும் கைகொடுப்பது ஃபெடரல் டார்ட் கிளெய்ம்ஸ் சட்டம். அதில் பிரதிவாதி அமெரிக்க அரசு, அளவுகோல் மாநிலத்தின் சாதாரண மருத்துவ அலட்சியச் சட்டம், ஜூரி கிடையாது. முதலில் எஸ்எஃப்-95 என்ற படிவத்தில், கேட்கும் தொகையை டாலரில் குறிப்பிட்டு, 2 வருஷத்துக்குள் ஃபெடரல் சிறைத் துறைக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் மறுத்துக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் நீதிமன்றம் போக வேண்டும். தொகையை எழுதாமல் விட்டால் படிவமே செல்லாமல் போகலாம்.

ஐஸ் எனப்படும் குடியேற்ற அமலாக்கத் துறையின் தடுப்பு மையத்தில் இருப்பவர் தண்டனைக் கைதி இல்லை, அவருக்கு ஃபெடரல் காவலில் ஐந்தாவது திருத்தம் பொருந்தும். கீழே சொல்லப்போகும் கைதிகள் வழக்குச் சீர்திருத்தச் சட்டத்தின் கெடுபிடிகள் அவருக்குப் பொருந்தாது என்று பல நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. வெளிநாட்டுக் குடிமகன் என்றால் தூதரகத்துக்குத் தகவல் தரச் சொல்லிக் கேட்கும் உரிமையும் உண்டு. வழக்குக்கு அது உதவாவிட்டாலும் ஆள் உள்ளே மறந்துபோகாமல் இருக்க உதவும்.

படி 2: இது வழக்கா, வெறும் மனக்குறையா

நிரூபிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, நோய் கடுமையானது: மருத்துவர் கண்டறிந்து சிகிச்சை வேண்டும் என்று சொன்னது, அல்லது மருத்துவம் படிக்காதவர் பார்த்தாலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று சொல்லக்கூடியது. சர்க்கரை நோய், எச்ஐவி, புற்றுநோய், எலும்பு முறிவு, வலிப்பு, தற்கொலை எண்ணம், சீழ் பிடித்த பல் எல்லாம் இதில் வரும். இன்னும் வராத, ஆனால் வரப்போகிற தீங்கும் கணக்கில் வரும் என்று 1993இல் ஹெல்லிங் எதிர் மக்கின்னி வழக்கில் தீர்ப்பாயிற்று. அங்கே பிரச்சினை, அறையில் கூட இருந்தவர் விட்ட சிகரெட் புகை.

இரண்டாவதுதான் கஷ்டம். 1994இல் ஃபார்மர் எதிர் பிரெனன் தீர்ப்பு: ஆபத்து இருப்பது அந்த அதிகாரிக்கு உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் அவர் நியாயமான நடவடிக்கை எடுக்காமல் விட்டிருக்க வேண்டும். தெரிந்திருக்க வேண்டியவர் என்பது போதாது. அவர் மனத்துக்குள் போய்ப் பார்க்க முடியாது, அதனால் அவர் கைக்குப் போன காகிதம்தான் சாட்சி.

எம்ஆர்ஐ கேட்டேன், மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்பது பொதுவாகத் தோற்கும். சிகிச்சையில் கருத்து வேறுபாடு அரசமைப்பு மீறல் இல்லை. ஆனால் வெளி மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை உள்ளே வந்ததும் காரணமில்லாமல் நிறுத்தியது, நிபுணரிடம் அனுப்பச் சொன்ன உத்தரவைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டது, வேலை செய்யவில்லை என்று தெரிந்த பிறகும் அதே மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்தது, காவலர் மருத்துவரிடம் கூட்டிப்போக மறுத்தது, செலவைக் காரணம் காட்டியது: இவை வலுவான வழக்குகள். தாமதம் என்றால் அந்தத் தாமதத்தால் என்ன கெட்டது என்றும் காட்ட வேண்டும்.

சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி போன்றவை மறுக்கப்பட்டால் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் கூட வரும். 1998இல் யெஸ்கி வழக்கில் அது மாநிலச் சிறைகளுக்கும் பொருந்தும் என்று முடிவாயிற்று. இந்த வழியில் அதிகாரியின் மனத்தில் என்ன இருந்தது என்ற சண்டை குறைவு, அதனால் பொருந்தினால் விட்டுவிடாதீர்கள்.

படி 3: சிக் கால் சீட்டு

மருத்துவரைப் பார்க்க உள்ளே கொடுக்கும் கோரிக்கைச் சீட்டுக்கு இடத்துக்கு இடம் பெயர் வேறு, சிக் கால் என்பார்கள், கைட் என்பார்கள், இப்போது பல இடங்களில் டேப்லெட் கணினியிலேயே போட வேண்டும். பல மாநிலங்களில் ஒவ்வொரு முறையும் சில டாலர் பிடிப்பார்கள், அதற்குப் பயந்து எழுதாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் எழுதச் சொல்லுங்கள்.

எப்படி எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ‘ரொம்ப நாளாக நெஞ்சு வலி, யாரும் கவனிப்பதே இல்லை, இது அநியாயம்’ என்று எழுதினால் அதில் தேதி இல்லை, ஆள் இல்லை, கேட்டது என்ன என்று இல்லை. அதையே இப்படி எழுதலாம்: ‘மார்ச் 3 இரவிலிருந்து நெஞ்சில் அழுத்தமும் இடது கையில் மரமரப்பும். மார்ச் 4 காலை மருந்து கொடுக்க வந்த நர்ஸிடம் (பெயர்) சொன்னேன், சீட்டு எழுதிப் போடு என்றார். 2019இல் எனக்கு ஸ்டென்ட் வைத்தது என் மருத்துவக் கோப்பில் உள்ளது. இன்றே மருத்துவர் பார்க்கவும் இசிஜி எடுக்கவும் கேட்கிறேன்.’ இரண்டாவது சீட்டு ஒரு நர்ஸின் கைக்குப் போய்விட்டால், எனக்குத் தெரியாது என்று பின்னால் அவர் சொல்வது சுலபமில்லை. கோபத்தைக் காட்ட இது இடமில்லை.

நகலெடுக்க வழி இல்லாவிட்டால் அதே வாசகத்தை இன்னொரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும், உங்களுக்கும் கடிதத்தில் எழுதட்டும். உறையில் இருக்கும் தபால் முத்திரை ஒரு தேதிச் சாட்சி, உறையைத் தூக்கி எறியாதீர்கள். நீங்களும் வார்டனுக்கும் (சிறையின் தலைமை அதிகாரி) மருத்துவப் பிரிவு நிர்வாகிக்கும் எழுதலாம், சான்றளிக்கப்பட்ட தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். ஃபோனில் கேட்டால், தனியுரிமைச் சட்டம் இருக்கிறது, சொல்ல முடியாது என்பார்கள். அதற்குத்தான் மருத்துவத் தகவலை உங்களுக்குத் தரலாம் என்ற ஒப்புதல் படிவத்தில் அவரிடம் முன்பே கையெழுத்து வாங்கி வைப்பது. இன்னொன்று: சிறை ஃபோனும் டேப்லெட் செய்தியும் கண்காணிக்கப்படுபவை. எந்தக் காவலரைச் சாட்சியாக்கலாம், எவ்வளவு பணம் கேட்கலாம் என்பதையெல்லாம் அதில் பேசாதீர்கள்.

படி 4: கிரீவன்ஸ் (சிறைக்குள் கொடுக்கும் முறையீடு), எல்லா மட்டமும்

1996இல் வந்த கைதிகள் வழக்குச் சீர்திருத்தச் சட்டம் ஒரு விதி வைத்தது: சிறைக்குள் இருக்கும் முறையீட்டு வழிகளை எல்லாம் முடித்துவிட்டுத்தான் நீதிமன்றம் போக வேண்டும். சிறை அதிகாரிகளுக்கு இதைவிடப் பெரிய கேடயம் கிடையாது. நான் பார்த்தவரை இந்தச் சட்டத்தின் மற்ற எல்லாப் பிரிவும் சேர்ந்து செய்யும் சேதத்தைவிட இந்த ஒரு வரி செய்யும் சேதம் அதிகம்.

சிக் கால் சீட்டு கிரீவன்ஸ் ஆகாது. வார்டனுக்குக் குடும்பம் எழுதிய கடிதமும் ஆகாது. அந்தச் சிறையின் சொந்தப் படிவத்தில், சொந்தக் கெடுவுக்குள், அது சொல்லும் கடைசி மட்டம் வரை போக வேண்டும். கெடுக்கள் குரூரமாகக் குறுகியவை. டெக்சாஸ் மாநிலச் சிறையில் முதல் படிக்கு 15 நாள். ஃபெடரல் சிறையில் சம்பவம் நடந்து 20 நாளுக்குள் பிபி-9 படிவம், பிறகு வட்டார அலுவலகத்துக்கு பிபி-10, கடைசியாக வாஷிங்டனுக்கு பிபி-11. நியூயார்க்கில் 21 நாள், கலிஃபோர்னியாவில் மருத்துவக் கிரீவன்ஸுக்கு 30 நாள். கெடுவைத் தவறவிட்டுக் கொடுத்தால் முடித்ததாகவே ஆகாது என்று 2006இல் வுட்ஃபோர்ட் எதிர் இங்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணம் மட்டும்தான் கேட்கிறேன், கிரீவன்ஸில் பணமே தரமாட்டார்கள் என்றாலும் விலக்கு இல்லை, அது 2001இல் பூத் எதிர் சர்னர்.

பதிலே வரவில்லை என்றால்? பல இடங்களின் விதிப்படி பதில் கெடு தாண்டினால் மறுத்ததாக எடுத்துக்கொண்டு அடுத்த மட்டத்துக்குப் போகலாம். காத்துக்கொண்டே இருந்து அடுத்த கெடுவைக் கோட்டைவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. படிவத்தில் சிகிச்சையையும் கேளுங்கள், இழப்பீட்டையும் கேளுங்கள். ஆட்களின் பெயர் தெரிந்தால் எழுதுங்கள், தெரியாவிட்டால் ஷிஃப்ட், இடம், அடையாளம். எல்லாப் பெயரையும் எழுதியே ஆக வேண்டும் என்று அந்தச் சிறையின் விதி கேட்காதவரை, எழுதாததால் வழக்கு விழாது என்று 2007இல் ஜோன்ஸ் எதிர் பாக் சொல்கிறது, இருந்தாலும் எழுதிவிடுவது நல்லது.

வாசல் நிஜமாகவே அடைபட்டிருந்தால் மட்டும் விலக்கு உண்டு. 2016இல் ராஸ் எதிர் பிளேக் மூன்று சூழ்நிலைகளைச் சொன்னது: முறையீட்டு வழி பேருக்கு இருந்து எதற்கும் பலன் தராதது, யாருக்கும் புரியாத அளவுக்குக் குழப்பமானது, அதிகாரிகளே மிரட்டியோ ஏமாற்றியோ தடுத்தது. படிவம் கேட்டும் கொடுக்கவில்லை, கொடுத்ததைக் கிழித்துப் போட்டார்கள் என்றால் யார், எப்போது, எங்கே என்று அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். அந்தத் தகராறு வழக்கின் சாரத்தோடு பின்னிக் கிடந்தால் அதை ஜூரிதான் முடிவு செய்ய வேண்டும் என்று 2025இல் பெர்ட்டு எதிர் ரிச்சர்ட்ஸ் தீர்ப்பும் வந்திருக்கிறது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்தச் சட்டம் மனுப் போடும் நாளில் கைதியாக இருப்பவருக்குத்தான். விடுதலையாகி வந்த பிறகு போட்டால் கிரீவன்ஸ் முடித்தாரா என்ற கேள்வியே எழாது. சீக்கிரம் வெளியே வரப்போகிறவர், காலவரையறையும் மிச்சம் இருக்கிறது என்றால், கொஞ்சம் பொறுப்பது புத்திசாலித்தனமாக இருக்கலாம்.

படி 5: காலவரையறை

1983 வழக்குக்கு அந்த மாநிலத்தின் உடல் காய வழக்குக் கெடுவே பொருந்தும். டென்னசி, கென்டக்கி 1 வருஷம். டெக்சாஸ், கலிஃபோர்னியா 2. நியூயார்க் 3. மாநிலச் சட்டப்படி மருத்துவ அலட்சியத்தையும் சேர்க்க நினைத்தால் அரசுக்கு முன்னறிவிப்புத் தர வேண்டியிருக்கும், அது நியூயார்க்கில் 90 நாள், கலிஃபோர்னியாவில் 6 மாதம். உள்ளே இருப்பவர் மனுவைச் சிறை அதிகாரியிடம் தபாலுக்குக் கொடுத்த நாளையே தாக்கல் செய்த நாளாக எடுத்துக்கொள்வார்கள், 1988இல் வந்த ஹூஸ்டன் எதிர் லாக் தீர்ப்பின் வழியாக வந்த சலுகை அது. கொடுத்த தேதியை எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலம் ஒன்றைக் கூட வைக்கச் சொல்லுங்கள்.

படி 6: யார் மேல் போடுவது

பலர் மாநிலத்தின் பெயரையும் சிறைத் துறையின் பெயரையும் மட்டும் போட்டுத் தோற்கிறார்கள். 1983ஆம் பிரிவின் கீழ் மாநிலத்திடம் பணம் கேட்க முடியாது. பணம் வேண்டுமென்றால் நர்ஸ், மருத்துவர், காவலர் என்று தனித்தனி ஆட்கள் மேல், அவர்களின் தனிப்பட்ட பொறுப்பில். சிகிச்சை தரச் சொல்லி உத்தரவு வேண்டுமென்றால் அதிகாரம் உள்ள அதிகாரி மேல், அவருடைய பதவிப் பொறுப்பில். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் எழுத வேண்டும். மேலதிகாரி என்பதற்காகவே வார்டன் மாட்டமாட்டார், அவர் என்ன செய்தார் அல்லது தெரிந்தும் என்ன செய்யாமல் விட்டார் என்று சொல்ல வேண்டும்.

மருத்துவம் பார்ப்பது பெரும்பாலும் ஒப்பந்தத் தனியார் நிறுவனம். ஒப்பந்த மருத்துவரும் மாநிலத்தின் பெயரில்தான் செயல்படுகிறார் என்று 1988இல் வெஸ்ட் எதிர் அட்கின்ஸ் சொல்லிவிட்டது, அதனால் அவர் தப்ப முடியாது. ஆனால் நிறுவனத்தையோ கவுன்டியையோ பிடிக்க, ஊழியர் தப்புச் செய்தார் என்பது போதாது, அவர்களின் கொள்கையோ தொடர்ந்த வழக்கமோதான் தீங்குக்குக் காரணம் என்று காட்ட வேண்டும். பெயர் தெரியாதவர்களை ‘ஜான் டோ’ என்று போடலாம், ஆனால் காலவரையறை முடிவதற்குள் உண்மைப் பெயரைக் கண்டுபிடித்து மாற்றியாக வேண்டும்.

படி 7: மனுவும் கட்டணமும்

ஃபெடரல் மாவட்ட நீதிமன்றங்கள் கைதிகளுக்கென்றே மனுப் படிவம் வைத்திருக்கின்றன, கிளார்க் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டால் அனுப்புவார்கள். தீர்ப்புகளை மேற்கோள் காட்ட வேண்டியதில்லை. தேதி வரிசையில், ஒவ்வொரு ஆளும் என்ன அறிந்தார், என்ன செய்யவில்லை, அதனால் உடம்புக்கு என்ன ஆயிற்று என்று எழுதினால் போதும். 2007இல் எரிக்சன் எதிர் பார்டஸ் வழக்கில், ஹெபடைடிஸ் சி சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள் என்று கொலராடோ கைதி ஒருவர் தானே எழுதிய மனுவைக் கீழ்க்கோர்ட் தள்ளியது தப்பு, வக்கீல் இல்லாதவர் மனுவைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். முடிவில் ‘மேலே சொன்னவை உண்மை, பொய்யென்றால் பொய்ச்சாட்சிக் குற்றத்துக்கு உட்படுகிறேன்’ என்று எழுதித் தேதியோடு கையெழுத்திட வேண்டும். நோட்டரி தேவையில்லை. அந்த ஒரு வரியால் மனுவே பிறகு வாக்குமூலமாகப் பயன்படும்.

கட்டணம் 405 டாலர். ஏழை என்று விண்ணப்பித்தால் 350, அதுவும் தள்ளுபடி இல்லை, தவணை. கடந்த 6 மாதக் கைதிக் கணக்கு அறிக்கையை இணைக்க வேண்டும். அந்த 6 மாதச் சராசரி மாத வரவு, சராசரி இருப்பு இரண்டில் எது அதிகமோ அதில் 20 சதவீதம் முதலில், பிறகு மாத வரவில் 20 சதவீதம். நீங்கள் அனுப்பும் பணத்திலிருந்துதான் அது போகும், வழக்குத் தோற்றாலும் போகும். இரண்டு வழக்கு இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக 20 பிடிப்பார்கள். தீய நோக்கத்தோடு போட்ட, அற்பமான, அல்லது சட்டப்படி நிற்காத வழக்கு என்று மூன்று முறை தள்ளுபடியானால் அதன் பிறகு தவணை வசதி கிடையாது, உடனடி உடல் ஆபத்து இருந்தால் ஒழிய.

படி 8: போட்ட பிறகு

நீதிபதி முதலில் பிரதிவாதியைக் கூப்பிடாமலே மனுவைச் சலிப்பார். தேறினால், தவணையில் போட்டவருக்கு யுஎஸ் மார்ஷல் என்ற ஃபெடரல் அதிகாரி சம்மன் சேர்ப்பார், சரியான பெயரும் முகவரியும் கொடுப்பது மட்டும் நம் வேலை. இலவச வக்கீல் உரிமை கிடையாது, ஆனாலும் கேட்டு மனுப் போடுங்கள், மறுத்தால் வழக்கு முன்னேறிய பிறகு மறுபடி கேளுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் இடைக்கால உத்தரவு கேட்கலாம். அதற்குச் சமீபத்திய மருத்துவ ஆவணம் வேண்டும். கேட்டதும் வேறு சிறைக்கு மாற்றிவிட்டால் உத்தரவு கேட்ட பகுதி செல்லாமல் போகக்கூடும், பணம் கேட்ட பகுதி நிற்கும். அதனால்தான் இரண்டையும் கேட்கச் சொன்னது.

அடுத்து ஆவணப் பரிமாற்றம். முழு மருத்துவக் கோப்பு, கிரீவன்ஸ் பதிவேடு, அந்த நாளின் பணிப் பட்டியல், வெளி நிபுணரிடம் அனுப்பக் கேட்டு மறுக்கப்பட்ட குறிப்புகள், வீடியோ எல்லாம் கேளுங்கள். வீடியோவை மட்டும் சம்பவம் நடந்த வாரமே அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத வேண்டும், இல்லாவிட்டால் அதன் மேலேயே புதுப் பதிவு ஏறி அழிந்துவிடும்.

பிறகு வரும் சம்மரி ஜட்ஜ்மென்ட்தான் கண்டம்: ஜூரி விசாரணைக்குப் போகாமல் காகிதங்களை வைத்தே நீதிபதி வழக்கை முடித்துவிடக்கூடிய கட்டம். சிறை மருத்துவர் ஒரு வாக்குமூலம் கொடுப்பார்: இத்தனை முறை பார்த்தோம், இத்தனை மாத்திரை கொடுத்தோம். கேம்பிளைத் தோற்கடித்த அதே வாதம். எதிர்ப்பதற்கு ஆதங்கம் உதவாது, ஒவ்வொரு தேதிக்கும் எதிராக ஒரு காகிதம் வேண்டும்: அன்று பார்த்தார் என்கிறார், அன்றைய குறிப்பில் நாடித்துடிப்புகூட எழுதவில்லை, மறுநாள் ஆம்புலன்ஸில் போனேன், ஆஸ்பத்திரி அறிக்கை இதோ. வெளி மருத்துவர் ஒருவரின் கருத்து கிடைத்தால் வழக்கின் எடையே மாறிவிடும். குடும்பம் பணம் செலவழிக்க ஒரே ஒரு இடம் இருக்கிறதென்றால் அது இங்கேதான்.

கடைசியாகப் பணம். உடல் காயம் காட்டாமல் மன உளைச்சலுக்கு மட்டும் இழப்பீடு கிடைக்காது. ஜெயித்தால் எதிர்த்தரப்பிடம் வாங்கக்கூடிய வக்கீல் கட்டணத்துக்குத் தீர்ப்புத் தொகையின் 150 சதவீதம் என்று உச்சவரம்பு, வக்கீல்கள் சின்ன வழக்குகளைத் தொடத் தயங்குவது இதனால்தான். குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவருக்குக் கட்ட வேண்டிய பாக்கி இருந்தால் இழப்பீடு நேராக அங்கே போகும். எனவே சமரசத்துக்கு வரும்போது, கையெழுத்துப் போடும் முன், என்னென்ன பிடித்தம் போய் மிச்சம் எவ்வளவு, யார் கணக்கில் விழும், இனி தரவேண்டிய சிகிச்சை எழுத்தில் இருக்கிறதா, எந்தத் தேதிக்குள் என்று கேட்டு, பதிலையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.